குடலை முன்னால் விடுவதா, பின்னால் விடுவதா?

கணையத்தின் தலையை எடுக்கும் விப்பிள் ஆபரேஷன் முடிந்து எட்டாம் நாள். காய்ச்சல் இல்லை, தையல் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இரைப்பையை வடிக்கப் போட்ட மூக்குக் குழாயின் பையில் பச்சையாக ஒரு லிட்டருக்கு மேல். "இதை எப்ப எடுப்பீங்க?" என்று நோயாளி கேட்கிறார். பதில் சொல்லாமல் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த ஆபரேஷனில் கணையத்தின் தலையையும் அதை ஒட்டிய முன்சிறுகுடலையும் எடுப்பது பாதி வேலைதான். மிச்சக் கணையம், பித்தநாளம், இரைப்பை மூன்றையும் சிறுகுடலோடு சேர்க்க வேண்டும். 1935-இல் விப்பிள் என்ற அமெரிக்க சர்ஜன் தன் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதிய காலத்திலிருந்தே இந்தச் 'சேர்ப்பில்'தான் சர்ஜன்கள் எங்களுக்குள் சண்டை.

ஆபரேஷனுக்குப் பின் இரைப்பை தன்னிடம் உள்ளதைக் குடலுக்குத் தள்ளாமல் முரண்டு பிடிக்கும்; இதைத்தான் 'தாமதம்' என்கிறோம். அது வராமல் இருக்க, சிறுகுடலைப் பெருங்குடலுக்கு முன்னால் கொண்டுவந்து இணைக்க வேண்டும் என்று 2006-இல் ஜப்பானில் ஓர் ஆய்வு வந்தது. மொத்தம் 40 பேர். பின்னால் விட்டவர்களில் பாதிப்பேருக்குத் தாமதம்; முன்னால் விட்டவர்களில் 5 சதவீதம், அதாவது ஒரே ஒருவர். என் பயிற்சிக் காலத்தில் எங்கள் சீஃபுக்கு இது வேதவாக்கு. பின்னால் விட நினைத்தாலே முறைப்பார். அப்புறம் 2014-இல் நெதர்லாந்தில் 246 பேரிடம் பார்த்தார்கள். முன்னால் 34 சதவீதம், பின்னால் 36. அவ்வளவுதான்!

'பைலோரஸ்' என்கிற இரைப்பையின் வாசலை எடுத்துவிட்டால் சரியாகும் என்றது 2011-இல் இன்னொரு ஜப்பானிய ஆய்வு. 2018-இல் ஜெர்மனியில் 188 பேரிடம் செய்தபோது எடுத்தவர்களுக்குத்தான் தாமதம் சற்றுக் கூடுதல், அதுவும் பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. கணையத்தைக் குடலுக்குப் பதில் இரைப்பையிலேயே ஒட்டினால் கசியாது என்ற பேச்சும் இப்படித்தான் ஏறி இறங்கியது.

இன்னொன்று, தாமதம் என்றால் என்ன என்பதற்கே 2007-இல்தான் பொது வரையறை வந்தது. மூன்று நாளுக்கு மேல் குழாய் தேவைப்பட்டால் தாமதம், பதினான்கு நாள் தாண்டினால் கடுமை. அதற்கு முன் ஆளுக்கொரு அளவுகோல். அந்தப் பழைய எண்களை இன்னும் ஸ்லைடில் போட்டு வாதாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

என் கட்சி இதுதான்: இரைப்பையில் குற்றவாளியைத் தேடுவதற்கு முன் கணையத் தையலைப் பாருங்கள். முன்சிறுகுடலோடு, இரைப்பையை அசைய வைக்கும் 'மோட்டிலின்' ஹார்மோனின் சுரப்பும் பெரும்பாலும் போய்விடுவதால் இரைப்பை கொஞ்ச நாள் சோம்பும், உண்மைதான். ஆனால் இரண்டாம் வாரமும் குழாயை எடுக்க முடியவில்லை என்றால், நான் பார்த்தவரை பெரும்பாலும் கணையநீர் எங்கோ கசிந்து தேங்கியிருக்கும். மிருதுவான கணையம், நூல்போல் மெல்லிய கணைய நாளம் என்றால் நெஞ்சு படபடக்கும். ஊசி போட்ட இடத்திலேயே கிழிகிற திசு அது. இரைப்பை அதன் முன்னாலேயே படுத்திருக்கிறது. பக்கத்து வீடு எரியும்போது இது மட்டும் ஒழுங்காக வேலை பார்க்குமா?

நான் இன்றும் குடலை முன்னால்தான் விடுகிறேன். நம்பிக்கையால் அல்ல, கைக்குச் சுலபம். கணையம் கசிந்தாலும் இரைப்பை-குடல் தையல் அதிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும்.

அந்த எட்டாம் நாள் நோயாளிக்கு அன்றே சிடி எடுத்தோம். இரைப்பைக்குப் பின்னால் நீர் தேங்கியிருந்தது. ஸ்கேன் பார்த்தபடியே தோல் வழியாகக் குழாய் விட்டு வடித்தோம். அதிலிருந்து நான்காம் நாள் மூக்குக் குழாயின் பையில் அரை டம்ளர்கூட இல்லை. குழாயை எடுத்ததும் அவர் முதலில் கேட்டது தண்ணீர்.