கஷ்டத்தை எத்தனை தடவைதான் நிரூபிப்பது?

நேற்று அக்காவோடு மூன்றாவது தடவையாக அந்த அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்தேன். இன்னும் ஆறவில்லை, அவ்வளவு கோபம். அக்காவின் கணவர், எங்கள் மாமா, இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். வாரத்தில் நான்கு நாள் ஒரு இடத்தில் துப்புரவு வேலை, மீதி நாளில் எது கிடைக்கிறதோ அது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான உதவித்தொகை மாதாமாதம் வந்துகொண்டிருந்தது, நான்கு மாதமாக நின்றுவிட்டது. என்ன காரணம் என்று கேட்டால், புதுப்பிக்கவில்லையாம். புதுப்பிக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பினார்களாம். எந்த எண்ணுக்கு? ரீசார்ஜ் பண்ணக் காசில்லாமல் எப்போதோ செத்துப்போன பழைய எண்ணுக்கு. சரி, புது எண்ணைத் தருகிறோம், மாற்றிக்கொள்ளுங்கள் என்றால், மாற்றுவதற்கு ஓடிபி வேண்டும், அந்த ஓடிபியும் அதே செத்துப்போன எண்ணுக்குத்தான் போகும்! கையில் காசில்லாதவர்களுக்காகவே போட்ட திட்டம் இது. காசில்லாவிட்டால் முதலில் துண்டிக்கப்படுவது போன்தான் என்று இதை வடிவமைத்த ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை?

கவுன்ட்டரில் இருந்தவரை நான் திட்ட மாட்டேன். அவருக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள், அவர் கையில் ஒரு அதிகாரமும் இல்லை, திரையில் சிவப்பாக ஏதோ வந்தால் "இன்னொரு நாள் வாங்கம்மா" என்று சொல்வதைத் தவிர அவருக்கு வழியில்லை. ஆனால் அந்த இன்னொரு நாள் யாருடைய நாள்? அக்காவின் ஒரு நாள் கூலி. மூன்று தடவை வந்ததில் மூன்று நாள் கூலி, போக்குவரத்துச் செலவு, நகல் எடுத்த காசு எல்லாம் போயிற்று. ஒரு சான்றிதழில் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருக்கிறது, இன்னொன்றில் இல்லை, அதைத் திருத்த வேறொரு அலுவலகம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியின் இடத்தில் ஒரு கணினித் திரை இருக்கிறது, அதன் காலில் விழுந்துகூடக் கேட்க முடியாது.

இதையெல்லாம்விட என்னைக் கொதிக்க வைப்பது அந்தப் படிவம்தான். 'மாத வருமானம்' என்று ஒரு கட்டம். எந்த மாதத்து வருமானம்? வேலை கிடைத்த மாதமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பத்து நாள் வீட்டிலேயே கிடந்த மாதமா? மாதச் சம்பளம் வாங்குகிற ஒருவர் உட்கார்ந்து தயாரித்த படிவம் அது, உலகத்தில் எல்லோருக்கும் முதல் தேதி சம்பளம் வரும் என்று நினைத்துக்கொண்டு தயாரித்தது. கூடப் போட்டால் தகுதி போய்விடும். குறைத்துப் போட்டால் பொய்க் கணக்கு. உண்மையைச் சொல்ல அந்தக் கட்டத்தில் இடமே இல்லை.

இது சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆஸ்திரேலியாவில் இதே தவறை ஒரு அரசாங்கமே பெரிய அளவில் செய்தது. ரோபோடெட் என்று சொல்வார்கள். வரித்துறையிடம் இருந்த வருட வருமானத்தை எடுத்து, 26 இருவாரங்களாகச் சமமாக வகுத்து, அந்தந்த இருவாரத்தில் அவர்கள் சொன்ன வருமானத்தோடு ஒப்பிட்டு, 'நீ கூடுதலாக உதவி வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு' என்று லட்சக்கணக்கான பேருக்குக் கடன் நோட்டீஸ் அனுப்பினார்கள். ஆறு மாதம் வேலை செய்து ஆறு மாதம் சும்மா இருந்தவனுக்கு வருடம் முழுக்க வருமானம் இருந்ததாகக் கணக்கு! இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவன் வேலை, பல வருடத்துக்கு முந்தைய சம்பளச் சீட்டைத் தேடிக் கொண்டுவர வேண்டும். கடைசியில் அது சட்டப்படி செல்லாது என்று ஆகி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் அதைக் கொடூரமான, நியாயமும் இல்லாத, சட்டப்படியும் சரியில்லாத ஏற்பாடு என்று எழுதியது. அந்தக் கடன் நோட்டீஸ் வந்து, அதற்குள் உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர்களின் தாய்மார்கள் அந்த ஆணையத்தின் முன் வந்து சாட்சி சொன்னார்கள். அந்தப் பணத்தை எந்தக் கணக்கில் திருப்பிப் போடுவது?

நெதர்லாந்தும் இப்படித்தான். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வாங்கிய பெற்றோர்களில் 20,000க்கும் மேற்பட்டோரை மோசடிக்காரர்கள் என்று தவறாக முத்திரை குத்தினார்கள். ஒரு கையெழுத்து விட்டுப்போனது போன்ற சின்னத் தவறுக்காக, வாங்கிய மொத்தத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களைத் தனியாகக் குறி வைத்துத் தேடினார்கள். வீடு போனது, வேலை போனது, பல குடும்பங்கள் உடைந்தே போயின. 2021 ஜனவரியில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது.

இத்தனை நடந்த பிறகும் நல்ல சம்பளத்தில் இருக்கும் சிலர் வாய் கூசாமல் சொல்கிறார்கள், சும்மா கொடுத்துக் கொடுத்து மக்களைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று. வீட்டுக் கடன் வட்டிக்குப் பல நாடுகளில் வரிச்சலுகை இருக்கிறது. அதுவும் அரசாங்கம் விட்டுக்கொடுக்கிற பணம்தான். அதை வாங்குகிறவரை யாராவது வரிசையில் நிற்க வைத்து, உன் வீட்டில் என்னென்ன இருக்கிறது, யார் யார் வந்து போகிறார்கள் என்று கேட்கிறார்களா? அக்காவிடம் கேட்டார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டே கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னாள். என் அக்கா யாருக்கும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

அப்புறம் இந்த வரம்பு என்கிற கொடுமை. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏழை முதியவர்களுக்கும் கொடுக்கிற எஸ்எஸ்ஐ உதவியில், தனி ஒருவர் 2,000 டாலருக்கு மேல் சேமித்து வைத்திருந்தால் உதவி நின்றுவிடும். அந்த 2,000 என்ற தொகை 1989லிருந்து மாறவே இல்லை. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, ஏழை சேர்த்து வைக்கலாம் என்று அனுமதித்த தொகை மட்டும் அங்கேயே நிற்கிறது. ஒரு ஆபத்துக்கு என்று நாலு காசு ஒதுக்கினால் உதவி போய்விடும், ஒதுக்காவிட்டால் பொறுப்பில்லாதவர்கள் என்று பேச்சு. என்னதான் செய்ய வேண்டும் என்கிறார்கள்?

வேறு வழியே இல்லை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கிறதே! அதே அமெரிக்காவில் 2021 ஜூலை முதல் டிசம்பர் வரை, பிள்ளைக்கு மாதம் 250 முதல் 300 டாலர் வரை, வரித்துறையிடம் ஏற்கெனவே இருந்த விவரங்களை வைத்தே பெரும்பாலான குடும்பங்களின் கணக்கில் தானாகப் போட்டார்கள். அந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்கிட்டதில் அந்த வருடம் குழந்தை வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. அதையும் கொரோனா கால உதவிகளையும் நிறுத்தினார்கள், அடுத்த வருடமே 12.4 சதவீதம். ஒரே வருடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் ஒரே வருடத்தில் சோம்பேறி ஆகிவிட்டார்களா?

நம் பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. மாமாவின் இறப்புச் சான்றிதழை வழங்கியதே ஒரு அரசு அலுவலகம்தான். அதன் நகலை அக்கா இன்னொரு அரசு அலுவலகத்துக்கு மூன்று தடவை கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அதைக் கையில் எடுத்து நீட்டும்போது அவள் முகம் எப்படி ஆகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஒரு தடவை கொடுத்தால் போதாதா?

நாங்கள் 30 நாளுக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் ரத்து என்று கடிதத்தில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் எத்தனை நாளுக்குள் பதில் தருவார்கள் என்பது அதில் எங்கேயும் இல்லை.

திங்கள்கிழமை மறுபடியும் போகிறோம். அக்கா வேலை இடத்தில் லீவு சொல்லிவிட்டாள், அன்றைய கூலியும் கிடையாது. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். 'மாத வருமானம்' என்ற அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.