அந்தப் படத்துக்குக் கீழே 51 என்றும் எழுதுங்கள்

நேற்று ராத்திரியிலிருந்து ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், கொஞ்சம் பேர் பகிர்ந்தும் இருக்கிறீர்கள். மதுரையின் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர் நன்மாறன் கையில் மனுவோடு கலெக்டர் ஆபீசில் நிற்கிற படம். கீழே மஞ்சள் எழுத்தில், "இரண்டு முறை எம்.எல்.ஏ., சொந்த வீடு இல்லை, எளிமையின் சிகரம்." அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அதற்கடியில் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர், "பாவம், நல்ல மனுசன், பிழைக்கத் தெரியாதவர்" என்று எழுதியிருக்கிறார். அதற்கு நூற்றுக்கு மேல் லைக். நான் அங்கேயே பதில் எழுதினேன். "நாங்க பாராட்டுறதுலயும் குத்தம் கண்டுபிடிப்பியா?" என்று கேட்டுவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டார்.

சரி, அங்கே சொல்ல முடியாததை என் சுவரிலேயே சொல்கிறேன்.

நன்மாறன் பாவம் இல்லை. நன்மாறன் ஜெயித்தவர். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. ஒரே தொகுதியில், மதுரை கிழக்கில். 2001ல் அதிமுக கூட்டணியில் நின்று ஜெயித்தார். 2006ல் அதே மார்க்சிஸ்ட் கட்சி திமுக கூட்டணிக்குப் போனது. அதே மனிதர், அதே அரிவாள் சுத்தியல் நட்சத்திரம், எதிரே வேறு அணி. அப்போதும் ஜெயித்தார். போன தேர்தலில் யாரை எதிர்த்து ஓட்டுக் கேட்டாரோ அவர்களோடு சேர்ந்து வந்து அதே தெருவில் ஓட்டுக் கேட்டு, அதே சனத்திடம் வாங்கிக் காட்டுவது எவ்வளவு பெரிய காரியம் என்று தேர்தல் வேலை பார்த்த யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

2006ல் வித்தியாசம் 51 ஓட்டு. ஐம்பத்தொன்று. எதிரே மதிமுகவின் பூமிநாதன். இரண்டு பேரும் 36 ஆயிரத்தைத் தாண்டி வாங்கியிருந்தார்கள். விஜயகாந்த் கட்சி தொடங்கிச் சந்தித்த முதல் சட்டமன்றத் தேர்தல் அது, அவருக்கோ மதுரை சொந்த ஊர். எந்த ஓட்டு எங்கே சிதறும் என்று யாருக்கும் பிடிபடாத தேர்தல். அதில் 51 ஓட்டில் கரையேறினார்.

2016ல் ராதாபுரத்தில் அப்பாவு 49 ஓட்டில் தோற்றது எல்லோருக்கும் தெரியும், தபால் ஓட்டு, ஹைகோர்ட், மறு எண்ணிக்கை, சுப்ரீம் கோர்ட் தடை என்று அந்தக் கதை மொத்தமும் ஊருக்கு மனப்பாடம். 2021ல் தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டு, காட்பாடியில் துரைமுருகனுக்கு 746. டீக்கடையில் சொல்வார்கள். மதுரை கிழக்கு 51ஐ மட்டும் மதுரைக்காரனே மறந்துவிட்டான். ஏன் என்றால் நன்மாறன் என்றதும் நமக்கு வாடகை வீடு மட்டும்தான் ஞாபகம் வருகிறது. அவரை நாம் ஒரு அரசியல்வாதியாக நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஒரு நல்ல ஏழை என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டோம். அதுதான் என் கோபம்.

அந்த 51 எனக்கு ஏன் இவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

2006 மே 8 வாக்குப்பதிவு. அக்கினி வெயில். எங்கள் அப்பா மில் தொழிலாளி, யூனியன்காரர். பூத்துக்கு இருநூறு மீட்டர் தள்ளி ஒரு மேசையைப் போட்டு, வாக்காளர் பட்டியலை விரித்து, பேர் பார்த்து சிலிப் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அப்போது வேலை தேடிக்கொண்டிருந்த பையன். எனக்குக் கட்சியெல்லாம் கிடையாது, அப்பாவுக்காகப் போய் நின்றேன். மத்தியானத்துக்கு மேல் பட்டியலில் டிக் விழாத பேரையெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, "இவங்க வீட்டுக்கெல்லாம் ஒரு எட்டு போயிட்டு வா" என்றார். பதினேழு பேர். சைக்கிளில் போனேன்.

கடைசியாக எங்கள் எதிர்வீட்டு அப்பத்தா. முட்டி வலி, நடக்க முடியாது. "எனக்கு எதுக்குப்பா ஓட்டு, போற வயசுல" என்றது. நான் கெஞ்சி, சைக்கிள் கேரியரில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார வைத்து, உருட்டிக்கொண்டே போனேன். ஒரு கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே வந்தது. பூத் மூட கொஞ்ச நேரம்தான் இருந்தது. விரலில் மையோடு வெளியே வந்து, "எந்தப் பொத்தான்னு மறந்துருமோன்னு பயந்துக்கிட்டே போனேன், அருவாளைப் பாத்து அமுக்கிட்டேன்" என்றது.

மே 11 எண்ணிக்கை. 51 என்று தெரிந்ததும் அப்பா வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நேராக எதிர்வீட்டுக்குப் போய், "ஆத்தா, உங்க ஓட்டும் அதுல இருக்கு" என்று சொன்னார். சாகிற வரைக்கும் அந்த அப்பத்தா எங்களைப் பார்த்தால், "அம்பத்தோருல ஒண்ணு என்னுது" என்று சொல்லும். அந்தத் துண்டுச் சீட்டில் இரண்டு வீட்டுக்கு நான் போகவே இல்லை, தூரம் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அப்பாவிடம் அதைச் சொன்னதில்லை.

இப்போது சொல்லுங்கள், இப்படி ஒவ்வொரு வீடாகப் போய்ச் சேர்த்த ஓட்டில் ஜெயித்த மனிதரைப் போய் "பாவம்" என்கிறீர்களே. பிழைக்கத் தெரியாதவருக்கா அந்த அப்பத்தா சைக்கிளில் வந்து ஓட்டுப் போட்டது?

"கூட்டணி பலத்துல ஜெயிச்சாரு, இதுல என்ன பெருமை" என்று அடுத்து வருவீர்கள். அந்த நாளில் தமிழ்நாட்டில் கூட்டணி இல்லாமல் ஆட்சிக்கு வந்த கட்சி எது? கூட்டணி மட்டுமே ஜெயிக்க வைக்கும் என்றால், 2001ல் ஒரு அணி, 2006ல் நேர் எதிர் அணி, இரண்டிலும் ஒரே ஆளை எப்படி ஜெயிக்க வைத்தது? 51 ஓட்டு தேர்தலில் வேட்பாளரின் முகத்துக்கு விழுந்த ஓட்டு 26 மட்டும் அந்தப் பக்கம் போயிருந்தால் முடிவே மாறியிருக்கும். அவர் முகத்துக்கு 26 ஓட்டுகூட விழவில்லை என்று மதுரையில் நின்று சொல்லிப் பாருங்கள். அவர் பேசுகிற தெருமுனைக் கூட்டத்துக்கு மாற்றுக் கட்சிக்காரனும் வந்து நின்று, சிரித்துச் சிரித்துக் கேட்டுவிட்டுப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மேடைக் கலைவாணர் என்று ஊர்தான் பேர் வைத்தது.

"அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை அணி மாறுறது கொள்கையா?" என்று கேட்டால், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அது கட்சி எடுக்கிற முடிவு. அதை விடுங்கள்.

"நீ கம்யூனிஸ்ட்டு, அதான் துடிக்கிற" என்று ஒருவர் இன்பாக்சில் எழுதியிருக்கிறார். நான் கம்யூனிஸ்ட் இல்லை. வேறு கட்சிகளுக்கும் ஓட்டுப் போட்டிருக்கிறேன், 2016லும் அவர்கள் இருந்த அணிக்குப் போடவில்லை. ஆனால் மதுரை கிழக்கு என்கிற தொகுதிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1967ல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே.பி. ஜானகி அம்மாள் ஜெயித்த தொகுதி அது. நாடக மேடையில் பாடிச் சம்பாதித்ததையெல்லாம் இயக்கத்துக்கே கொடுத்த அம்மா. 1977லும் 1980லும் அதே கட்சியின் என். சங்கரய்யா ஜெயித்த தொகுதி. அந்த வரிசையில் அடுத்து வருகிற பேர் நன்மாறன். இந்த வரிசையில் நிற்கிற ஒருவரை அவருடைய வாடகை வீட்டை வைத்து அளக்கிறோம். (இன்றைக்கு இருக்கிற மதுரை கிழக்கு வேறு. 2011 தேர்தலுக்கு முன் தொகுதிகளைத் திருத்தி வரைந்தபோது பழைய தொகுதியின் உருவமே மாறிப்போனது. அந்த 51ஐ எல்லோரும் மறந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2006ல் திமுகவுக்குக் கிடைத்தது 96 இடம்தான். 234ல் பாதிகூட இல்லை. தோழமைக் கட்சிகளின் ஆதரவில் ஐந்து வருசம் ஓடிய ஆட்சி. அப்படிப்பட்ட சபையில் ஒரு தோழமைக் கட்சி எம்.எல்.ஏ.வின் கைக்கு என்ன விலை இருந்திருக்கும் என்று யோசியுங்கள். அந்த நேரத்தில் சபையில் உட்கார்ந்திருந்த மனிதர், வெளியே வரும்போதும் வாடகை வீட்டுக்கே வந்தார். இதற்குப் பேர் பிழைக்கத் தெரியாமையா? வாய்ப்பே கிடைக்காதவன் கை சுத்தமாக இருப்பது வேறு, வாய்ப்பு வாசலில் வந்து நின்றபோது சுத்தமாக இருப்பது வேறு. அவருக்குத் தெரியாமல் போகவில்லை. வேண்டாம் என்றார். தெரியாது என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களா நீங்கள்?

அதே மதுரை மாவட்டத்தில், 2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தது. ஓட்டுக்குக் கவரில் பணம் கொடுப்பதற்கு அதன் பெயரிலேயே ஒரு பார்முலா நாடு முழுக்கப் பேசப்பட்டது. கவருக்குள் என்ன இருந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். 51 ஓட்டு 2006ல், அந்தக் கவர் 2009ல். மூன்று வருசத்துக்குள். நன்மாறன் மாதிரி ஆட்கள் ஏன் அப்புறம் வரவில்லை என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டு வருசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர்கள் வந்தார்கள். நாம்தான் கவரை வாங்கிக்கொண்டோம். எங்கள் தெருவிலும் பிறகு ஒரு தேர்தலில் கவர் வந்தது. எங்கள் வீட்டுக்கு வரவில்லை, "அவர்கிட்ட நீட்டுனா திட்டுவாரு" என்று அப்பாவைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதற்காக எங்கள் அம்மா மூன்று நாள் அப்பாவோடு பேசவில்லை. வீட்டில் அந்த மாசம் வாடகை பாக்கி.

"பென்சன் வருமே, சம்பளம் வந்துச்சே, எங்க போச்சு?" என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். அந்தக் கட்சியில் எம்.எல்.ஏ. சம்பளத்தைக் கட்சியிடம் கொடுத்துவிட்டு, கட்சி தருகிற அலவன்ஸை வாங்கிக்கொள்கிற வழக்கம் உண்டு. இது ரகசியம் கிடையாது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அந்த மனுவுக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி. குடிசை மாற்று வாரிய வீடு ஒன்றை ஒதுக்கித் தரும்படி கலெக்டரிடம் கேட்டார். "முன்னாள் எம்.எல்.ஏ. இப்படிப் போய் நிக்கலாமா, அசிங்கம் இல்லையா" என்று அப்போதே எழுதினீர்கள், இப்போதும் எழுதுகிறீர்கள். என்ன அசிங்கம்? வீடில்லாத ஒரு குடிமகன், சட்டப்படி கேட்க வேண்டிய இடத்தில், மனு எழுதி, வரிசையில் போய்க் கேட்டார். யாருக்கும் போன் போடவில்லை. பினாமி பேரில் வாங்கவில்லை. ஏழைகளோடு ஏழையாக நின்று ஏழைக்கான வீட்டைக் கேட்டார். அசிங்கப்பட வேண்டியது அவரா? அதே வருசம் அக்டோபர் 28ஆம் தேதி, அதே மதுரையில், ராஜாஜி அரசு மருத்துவமனையில் அவர் உயிர் போனது. 74 வயது. மனு கொடுத்ததற்கும் சாவுக்கும் நடுவில் எட்டு மாசம். அந்த எட்டு மாசத்தில் அந்தப் படத்தை எத்தனை பேர் பகிர்ந்தோம்? நானும்தான் பகிர்ந்தேன். "கண்ணீர் வருகிறது" என்று எழுதினேன். எழுதிவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போனேன்.

எங்கள் அப்பா ரிட்டையர் ஆன அன்றைக்கு, சொந்தக்காரர் ஒருவர் எங்கள் வாடகை வீட்டு நடையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே இதே வார்த்தையைச் சொன்னார். "மாமா நல்லவருதான்கா, ஆனா பிழைக்கத் தெரியாதவரு." அப்பா உள்ளே துண்டை உதறி மடித்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது எனக்குத் தெரியும். மடித்த துண்டை மறுபடியும் உதறி மறுபடியும் மடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. யூனியன் எலக்சனில் எத்தனையோ தடவை நின்று ஜெயித்தவர், மில் வாசலில் ஆயிரம் பேர் முன்னால் மைக் இல்லாமல் பேசியவர். அத்தனையும் அந்த ஒரு காப்பி டம்ளருக்கு முன்னால் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. நேற்று ராத்திரி அந்தக் கமென்ட்டைப் படித்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

அதனால்தான் கேட்கிறேன். பகிருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மஞ்சள் எழுத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி சேர்த்துப் பகிருங்கள். மதுரை கிழக்கு, 2001, வெற்றி. மதுரை கிழக்கு, 2006, 51 ஓட்டில் வெற்றி.

அந்த ஐம்பத்தொன்றில் ஒன்று, சைக்கிள் கேரியரில் வந்த எங்கள் எதிர்வீட்டு அப்பத்தாவுடையது.