விரலால் விரித்துப் பார்ப்பதை எண்ணுங்கள்

"டேப் ஒண்ணு வாங்கலாமா மாமா?" என்று மச்சினன் போன ஆடித் தள்ளுபடி சமயத்தில் கேட்டான். டேப் என்றால் டேப்லெட், போனைவிடப் பெரிய தொடுதிரைக் கருவி. ரொம்பத் தெரிந்தவன் மாதிரி ஒரு பதில் சொன்னேன். அதில் பாதிதான் சரி என்று பிறகு தெரிந்தது.

நான் சொன்னது இதுதான். ஒரு வாரத்துக்குக் கணக்கு வை. போனில் எதையாவது பார்க்கும்போது இரண்டு விரலை வைத்து எத்தனை தடவை விரித்துப் பெரிதாக்குகிறாய்? தினசரி காலண்டர் தாளில் கோடு போட்டுக்கொண்டே வா. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்றால் காசு மிச்சம். பத்தைத் தாண்டினால் வாங்கு.

இந்தக் கணக்கு சும்மா வரவில்லை. 2013இல் 7 அங்குல டேப் ஒன்று வாங்கினேன் (திரையை மூலைக்கு மூலை அளந்த கணக்கு). அப்போது என் போன் 4 அங்குலம், அதனால் 7 என்பதே சினிமாத் திரை மாதிரி இருந்தது. முதல் ஐபேட் வந்த 2010இல் ஐபோன் திரை 3.5 அங்குலம், ஐபேட் 9.7. அந்த இடைவெளிதான் டேப்புக்குச் சோறு போட்டது. இப்போது சாதாரண போனே ஆறரை அங்குலத்துக்கு மேல் வளர்ந்துவிட்டது. என் 7 அங்குலம் பீரோவுக்குள் போனது. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் லித்தியம் பேட்டரி செத்துவிடும் என்ற பாடத்தையும் அதுவே சொல்லிக்கொடுத்தது.

பட்ட பிறகும் இரண்டாவது ஏன் வாங்கினேன்? பழைய தமிழ்ப் புத்தகங்களால். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்துக்குப் போனால் ஸ்கேன் செய்த நூல்கள் கொட்டிக் கிடக்கின்றன. தட்டச்சு செய்து ஏற்றிய நூல் என்றால் எழுத்தைப் பெரிதாக்கும்போது வரி தானாக மடங்கிக்கொள்ளும். ஸ்கேன் பக்கமோ வெறும் படம், மடங்காது. போனின் அகலம் 3 அங்குலம்கூடத் தேறாது. வரியின் தலையைப் பார்க்க ஒரு இழுப்பு, வாலைப் பார்க்க இன்னொரு இழுப்பு. நான்கு பக்கத்துக்குள் கதை மறந்து விரல்தான் நினைவில் நிற்கும். டெம்மி என்ற அளவில் அச்சிட்ட புத்தகம் அகலம் ஐந்தரை, உயரம் எட்டரை அங்குலம். 10 அங்குல டேப்பை நெடுக்காகப் பிடித்துப் பாருங்கள், திரை கிட்டத்தட்ட அதே அளவு. அதைவிடச் சிறிய கிரவுன் அளவுப் பழைய நூல்கள் தாராளமாக அடங்கிவிடும். அச்சிட்டவர் நினைத்த அளவிலேயே பக்கத்தைப் படிக்கிற சுகம் எனக்கு அந்த விலைக்குத் தகும்.

சரி, மச்சினன் கதைக்கு வருகிறேன். அவன் வீடு கட்டிக் கொடுக்கும் காண்ட்ராக்டர். ஒரு வாரம் கழித்துக் காலண்டர் தாள்களைப் படம் எடுத்து அனுப்பினான். ஒரே நாளில் 23 கோடுகள், அத்தனையும் வீட்டு பிளான். பில்லர் எங்கே, படிக்கட்டு எத்தனை அடி, கம்பி என்ன கணக்கு. ஏ3 தாளில் விரியவேண்டிய வரைபடத்தை உள்ளங்கையில் வைத்துத் தேடியிருக்கிறான் பாவம். "யோசிக்காம வாங்கு மாப்ள" என்றேன். 14,000 ரூபாய்.

முதல் நாளே சைட்டிலிருந்து போன் வந்தது. "மாமா, பிளான் தெரியல, என் மூஞ்சிதான் தெரியுது."

விலை குறைந்த டேப்பின் வெளிச்சம் உச்சி வெயிலுக்கு முன்னால் நிற்காது, கண்ணாடி வேறு பளபள. நிழலுக்குக் கொண்டுபோனால் சிமெண்ட் கை. கொத்தனார் அதைத் தொடவே கூச்சப்பட்டிருக்கிறார். கடைசியில் மேஸ்திரி எப்போதும்போல பிரிண்ட் ஒன்றைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, பென்சிலால் அதன் மேலேயே அளவைத் திருத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிட்டார். அந்தத் தாள் மேலிருந்து விழுந்தாலும் யாருக்கும் வயிறு எரியாது.

எத்தனை தடவை என்று எண்ணச் சொன்ன நான், எந்த இடத்தில் என்று கேட்க மறந்துவிட்டேன். என் டேப் பிழைத்ததற்குக் காரணமே அது சாய்வு நாற்காலியை விட்டு நகராததுதான். இரவு எட்டரைக்கு மேல், மின்விசிறிக்குக் கீழே, மடியில். கிட்டத்தட்ட அரைக் கிலோ, படுத்துக்கொண்டு தூக்கிப் பிடித்தால் மூக்கில் விழும். விழுந்திருக்கிறது.

லேப்டாப்புக்குப் பதிலாக வாங்க நினைப்பவர்கள் கீபோர்டு விலையையும் கூட்டிப் பார்த்துவிடுங்கள். தமிழில் நான்கு பக்கம் தட்டச்சு செய்ய நான் இன்றும் லேப்டாப்பைத்தான் திறக்கிறேன். பிள்ளைகள் படிப்புக்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. என் மகன் அதில் 'படித்தது' முழுக்கக் கார் பந்தயம்.

மச்சினனின் டேப் இப்போது அத்தையிடம் இருக்கிறது. கண்புரை ஆபரேஷன் ஆனவர், கையில் இருப்பது பட்டன் போன். காலையில் காபியோடு இ-பேப்பர், சாயங்காலம் டேப்பைச் செம்பில் சாய்த்துவைத்து துபாய்ப் பேத்தியோடு வீடியோ கால். வை-ஃபை மட்டும் உள்ளது, சிம் கிடையாது. ஜிபே போன்ற செயலிகளைப் பதிய அந்தக் கருவியில் உள்ள சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் போகவேண்டும் என்பதால் அந்த வகைப் பண விவகாரம் எதுவும் அதில் ஓடாது. வாங்கும்போது மச்சினன் அதைக் குறையாகச் சொன்னான். எனக்கோ அதுதான் நிம்மதி, அத்தை தைரியமாக எதையும் தட்டிப் பார்க்கிறார்.

போன வாரம் மழையில் வேலை நின்ற அன்று, வீட்டில் உட்கார்ந்து பிளானைப் பெரிதாகப் பார்க்கலாம் என்று டேப்பைக் கேட்டிருக்கிறான். ராசிபலன் முடியட்டும், தருகிறேன் என்றாராம் அத்தை.