குழாய் இல்லாத கூடாரத் தளம் அப்படியே இருக்கட்டும்

கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குள் ஒயிட் டேங்க் என்றொரு சிறிய கூடாரத் தளம் இருக்கிறது. பெரும் பாறைகளுக்கு நடுவே மொத்தம் 15 இடங்கள்தாம். இடத்துக்கு ஒரு மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், பொதுவில் குழிக் கழிப்பறை. வசதிகள் அவ்வளவோடு முடிந்துவிடுகின்றன. தண்ணீர், மின்சாரம், குளியலறை எதுவும் கிடையாது. கைபேசிக்கு சிக்னலையும் எதிர்பார்க்க முடியாது. "இந்தக் காலத்தில் ஒரு குழாய்கூடவா போடக் கூடாது?" என்று போய்வந்த நண்பர்கள் அலுத்துக்கொள்வதைப் பலமுறை கேட்டுவிட்டேன். போடக் கூடாது என்பதே என் கட்சி.

வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வருபவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதே பூங்காவில் பிளாக் ராக், காட்டன்வுட் ஆகிய தளங்களில் குடிநீரும் ஃப்ளஷ் கழிப்பறையும் இருக்கின்றன. வசதி வேண்டுவோருக்கு வழி இருக்கும்போது, மிச்சமிருக்கும் சின்னத் தளங்களையும் அவற்றைப் போலவே ஆக்கிவிட வேண்டும் என்பது எனக்குப் பேராசையாகத்தான் படுகிறது.

பாலைவனத்தில் ஒரு குழாய் என்ன செய்யும் என்பதை அறிய ஈரக் கரண்டி ஒன்றே போதும். வறட்சியும் வெயிலும் சேர்ந்த நாட்களில், கழுவிய கரண்டியைத் துடைக்காமல் மேசைமேல் வைத்துப் பாருங்கள். எங்கிருந்து வந்தன என்றே தெரியாமல் தேனீக்கள் வந்து அதன் விளிம்பில் மொய்த்துக்கொண்டு ஈரத்தை உறிஞ்சும். வியர்வையில் நனைந்த துண்டையும், காரின் ஏசியிலிருந்து சொட்டும் நீரையும்கூட அவை விடுவதில்லை. ஒரு கரண்டிக்கே இப்படியென்றால், நாளெல்லாம் சொட்டும் குழாயடியைத் தேடி தேனீயும் அணிலும் ஓநாய் இனத்துக் கயோட்டியும் வரும். நாளடைவில் மனிதர்களிடம் இரை தேடவும் பழகிவிடும். ஒயிட் டேங்கில் இழுவண்டியையும் சேர்த்து 25 அடிக்கு மேல் நீளமான வாகனங்களுக்கு இப்போது இடமில்லை. வசதி ஒன்று வந்தால் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லும் குரல்களும் பின்னாலேயே வரும், அவற்றோடு ஜெனரேட்டர் இரைச்சலும். டெக்சஸ் மாநிலத்தின் பிக் பெண்ட் பூங்காவில் காட்டன்வுட் என்றே பெயர் கொண்ட வேறொரு தளத்தில் ஜெனரேட்டருக்கு அறவே தடை. எல்லாச் சிறு தளங்களிலும் அந்தத் தடையைக் கொண்டுவர வேண்டும் என்பேன்.

ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு கேலன், அதாவது சுமார் 4 லிட்டர் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். வெயிலில் நடப்பதாக இருந்தால் அதைப்போல இருமடங்கு. விறகையும் கையோடு கொண்டுபோக வேண்டும், ஏனெனில் பூங்காவுக்குள் சுள்ளி பொறுக்கக்கூட அனுமதியில்லை. பகலின் சூட்டை நம்பிக் கம்பளி எடுக்காமல் போகிறவர்கள்தாம் மிகவும் அவதிப்படுகிறார்கள். காற்றில் ஈரப்பதமும் வானில் மேகமும் குறைவு என்பதால், பொழுது சாய்ந்ததும் தரையின் வெப்பம் தடையின்றி வானுக்குப் போய்விடுகிறது. பகலில் சட்டை நனைய வியர்த்தவர் விடியற்காலையில் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருப்பார். குளிர்கால இரவுகளில் உறைநிலைக்குக் கீழேயும் போகும். தட்டுகளை முதலில் காகிதத்தால் வழித்தெடுத்துவிட்டுக் கொஞ்சம் நீரில் அலசுவது, காலணியை உதறிப் பார்த்துவிட்டுப் போடுவது எல்லாம் ஓரிரு வேளையில் பழகிவிடும்.

ஜோஷுவா ட்ரீ 2017-இல் சர்வதேச இருண்ட வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. நிலவில்லாத இரவில் பால்வீதியைப் பார்ப்பதற்கென்றே பலர் வருகிறார்கள். பிறகு கூடாரத்தைச் சுற்றிச் சீரியல் விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

நிர்வாகத்திடம் கேட்பதற்கும் இருக்கிறது. குழிக் கழிப்பறையை வார இறுதிக் கூட்டத்துக்கு முன்பும் பின்பும் தவறாமல் சுத்தம் செய்ய வேண்டும். அதில் எளிமை, இயற்கை என்றெல்லாம் சமாதானம் சொல்ல இடமில்லை. "இங்கே தண்ணீர் கிடையாது" என்ற பலகையைத் தளத்தின் வாசலில் மட்டும் வைத்தால் பயனில்லை, அதைப் படிப்பதற்குள் கடைகளை எல்லாம் கடந்து வந்திருப்போம். நெடுஞ்சாலையிலிருந்து பூங்காவுக்குத் திரும்பும் இடத்திலேயே, ஓட்டுநர் கண்ணில் படும்படி, பெரிய எழுத்தில் வைக்க வேண்டும்.