அகப்பை பிடிக்க ஆள் இருக்கு, மண்வெட்டி பிடிக்க?

முதலே சொல்லிவிடுகிறேன், இது மலசலகூடம் பற்றிய பதிவு. சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையைக் கழுவிவிட்டு வந்து வாசிக்கலாம்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் அறுகம்பேயில் அலைச்சறுக்குச் சீசன் தொடங்கினால் சடை வளர்த்து வெறுங்காலோடு திரியும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அவர்களில் சிலர் ரெயின்போ கேதரிங் போய் வந்தவர்கள். ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துப் பேச்சை எடுத்தால் போதும், விடியும்வரை சொல்வார்கள். எங்கள் பொடியன்கள் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு கட்சி, "கஞ்சாக் கூட்டம்" என்று தள்ளிவிடுகிறது. மற்றக் கட்சி, "வாழ்ந்தா இப்பிடி வாழணும் மச்சான், ஒருத்தனுக்கு ஒருத்தன் பொஸ் இல்ல" என்று உருகுகிறது. இரண்டு கட்சிக்கும் அந்தக் காட்டுக்குள் யார் குழி தோண்டுகிறார்கள் என்ற யோசனை வந்ததே இல்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1972 ஜூலையில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கிரான்பி என்ற ஊருக்குப் பக்கத்து மலைக்காட்டில் முதல் கூடல் நடந்தது. வியட்நாம் போர் முடியாத காலம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஜூலை முதல் கிழமையும் ஏதாவது ஒரு தேசிய வனத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடாரம் அடிக்கிறார்கள். டிக்கெட் இல்லை, மேடை இல்லை, தலைவர் இல்லை, அங்கத்தவர் பட்டியலும் இல்லை. உள்ளே சோறு விலைக்கு விற்பதில்லை. ஜூலை 4 காலையில் எல்லோரும் வாய் திறக்காமல் இருந்து, நடுப்பகலில் சின்னப் பிள்ளைகள் ஊர்வலமாக வந்ததும் அந்த மௌனத்தைக் கலைப்பார்கள். 75 பேரோ அதற்கு மேலோ கூடினால் வனத் திணைக்களத்தின் அனுமதிப் பத்திரம் வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். இவர்களோ, "எங்களுக்குத் தலைவர் இல்லை, ஆகவே கையெழுத்துப் போட யாருக்கும் உரிமை இல்லை" என்று பல வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். எங்கள் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், போய் இந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் வருவதற்குக் கிழமைக்கணக்கில் முன்னால் ஒரு சின்னக் கூட்டம் காட்டுக்குள் போய்விடும். ஊற்று எங்கே என்று பார்த்து, அங்கிருந்து சரிவு வழியே ஹோஸ் இழுத்துச் சமையல் கொட்டில்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவார்கள். பிறகு குழி. நீளமாக, ஒடுக்கமாக, ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளி. வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவித்து வைப்பார்கள். பக்கத்தில் சாம்பல் அல்லது சுண்ணாம்பு. போனவர் ஒரு பிடி சாம்பலும் மண்ணும் போட்டு மூடிவிட்டு வர வேண்டும், ஈ மொய்க்கக்கூடாது. கடதாசி மூடியுள்ள டின்னில் இருக்கும். வெளியே வந்ததும் கை கழுவத் தண்ணீர். குழி நிறைந்தால் மண் போட்டு மூடி, இன்னொன்று வெட்ட வேண்டும். எல்லோரும் கலைந்துபோன பிறகும் கொஞ்சப் பேர் நின்று மூடி, குப்பை பொறுக்கி, மிதிபட்டு இறுகிய நிலத்தைக் கிளறிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். இந்த வேலைக்குச் சம்பளம் வாங்கும் ஒருவரும் அங்கே இல்லை. கம்பியூட்டர் படித்தவனும் தோண்டுவான், கிற்றார் அடிப்பவனும் தோண்டுவான்.

சோறு பரிமாறுவதிலும் ஒரு ஒழுங்கு. அவரவர் கோப்பையை அவரவரே கொண்டுவர வேண்டும். ஊற்றுகிறவரின் அகப்பை அந்தக் கோப்பையில் முட்டக்கூடாது, ஒருவரின் எச்சில் கிருமி சமையல் அண்டாவான கிடாரத்துக்குள் போய்விடும் என்பதற்காக. (எங்கள் ஊரிலும் ஒரு காலம் முட்டாமல்தான் ஊற்றினார்கள். எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும், கிருமிக்காக இல்லை.)

இந்த ஒழுங்கு குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1987 ஒன்றே போதும். அந்த வருடம் வட கரோலைனாவின் நன்டஹேலா வனத்தில் கூடல் நடந்தது. ஏறத்தாழ 12,700 பேர் வந்திருந்தார்கள். ஷிகெல்லா வயிற்றுளைச்சல் பரவி, வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் விழுந்தார்கள். மலத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு என்று தொற்றும் நோய், அதுவும் வழக்கமான மருந்துக்கு மசியாத வகை. கலைந்து போனவர்கள் அதை வேறு மாநிலங்களுக்கும் கொண்டுபோனார்கள். கட்டிப்பிடித்து அன்பு காட்டியதில் குறை வைத்திருக்க மாட்டார்கள். கிருமிக்கு அதெல்லாம் கணக்கில்லை.

இப்போது நம்முடைய பக்கம். அம்பாறை மாவட்டத்தில் தலைவர் கட்டளை இல்லாமல், டிக்கெட் இல்லாமல், ஆயிரக்கணக்கானவர்கள் காட்டில் கூடும் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கி வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கோயில் கோயிலாகத் தங்கி, பொத்துவில், பாணமை தாண்டி, காட்டுப்பாதை தொடங்கும் உகந்தை முருகன் கோயிலில் எல்லோரும் ஒன்றாகிறார்கள். காட்டுப்பாதை திறக்கும் திகதியைக் கச்சேரியில் கூட்டம் போட்டுக் குறிப்பார்கள். அதுவரை உகந்தை மலையடியில் பெரிய ஊர் ஒன்று முளைத்திருக்கும். அங்கே எவரும் எவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தோட்டத் தொழிலாளியும் சாமி, பாங்க் மனேஜரும் சாமி.

சமையலுக்கு ஆள் பஞ்சமே கிடையாது. விடியச் சாமம் மூன்று மணிக்கு ஒரு கொட்டிலுக்குப் போனால் மரக்கறி வெட்ட மட்டும் பதினைந்து பேர். கத்தி போதாமல் சண்டை. கிடாரத்தில் அகப்பை போடுவதற்கு மூன்று பேர் முறை வைத்துக் காத்திருப்பார்கள். பூசணிக்காயை வெட்டியவர் இளைப்பாற எழுந்தால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார். பக்கத்திலேயே உபயகாரரின் பெயரும் படமும் போட்ட பெரிய பிளெக்ஸ். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய அண்ணனுக்கு வட்ஸ்அப்பில் வீடியோ போகும். ரெயின்போவில் தொப்பி ஒன்றைச் சுற்றிவர அனுப்பிக் காசு சேர்க்கிறார்களாம், போட்டவர் பெயர் எங்கும் எழுதுவதில்லை. அந்தப் பழக்கம் இங்கே எடுபடுமா என்று எனக்குச் சந்தேகம்தான். பரவாயில்லை, பெயர் போட்டால்தான் சோறு வருமென்றால் போடட்டும்.

ஆனால் அந்தக் கிடாரத்தில் வெந்த சோறு அடுத்த நாள் எங்கே போகிறது? உகந்தையில் கட்டிவைத்த மலசலகூடங்கள் அவ்வளவு கூட்டத்துக்குக் காணாது. நடுவழித் தங்குமிடங்களில் அதுவும் இருக்காது. ஆண்கள் பற்றைக்குள் போய்விடுகிறார்கள். ஒரு பகல், நல்ல வெயிலில், மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து நடந்து வந்த ஒரு அக்கா, உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, மோரைப் பார்க்கிறா, வாங்கவில்லை. ஏனக்கா என்று கேட்டேன். "குடிச்சா இருட்டும் மட்டும் எங்க மனே போற?" என்றா. கூட நின்ற பெண்களும் தலையாட்டினார்கள். தண்ணீர் இல்லாமல் அல்ல, தண்ணீர் இருந்தும் குடிக்காமல் நடக்கிறார்கள். இரவில் இருட்டுக்குள் போனால் பாம்பு, யானை. பகலில் போனால் ஆண்கள். அவர்களுக்கு நாங்கள் ஐந்து வகைக் கறியோடு அன்னதானம் கொடுக்கிறோம்.

"பிரதேச சபை செய்யணும்" என்று சொல்வோம். செய்யத்தான் வேண்டும், வரி வாங்குகிறார்கள். ஆனால் சோற்றுக்கு மட்டும் ஏன் பிரதேச சபையைக் காத்திருக்கவில்லை? சோற்றில் புண்ணியம் இருக்கிறது. குழியில் இல்லை. அதற்குக் கீழே இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மட்டக்களப்புத் தேசத்துக் கோயில்களில் எந்தக் குடிக்கு (தாய்வழி வம்சத்துக்கு) எந்தத் திருவிழா, யார் கோயிலை நடத்தும் வண்ணக்கர், யாருக்கு எந்த வரிசை என்று கல்வெட்டுப் பாட்டிலிருந்தே வகுத்து வைத்திருக்கிறோம். பெருமையான வேலைக்கெல்லாம் உரிமை கேட்டு வழக்குக்கூடப் போடுவோம். மலம் அள்ளும் வேலைக்கு உரிமை கேட்டு எந்தக் குடியும் வந்ததில்லை. அது வேறு யாரோ பிறந்து செய்யும் வேலை என்று மனசுக்குள் எழுதியாகிவிட்டது. ரெயின்போக்காரர்களிடம் எனக்குப் பிடித்தது அவர்களுடைய அன்பு, அமைதிப் பேச்சு எதுவுமில்லை. அந்த வேலையை ஒருவரின் பிறப்போடும் சேர்த்துக் கட்டாததுதான்.

வெள்ளைக்காரனைப் பார்த்து வாய் பிளக்கிறான் என்று கொமண்ட் போட வருபவர்களுக்கு: அவர்களிடமும் கோளாறு நிறைய. சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் எழும்புகிற சோம்பேறிகள் அங்கேயும் தாராளம். அமெரிக்காவின் ஹோப்பி பழங்குடியினரின் தீர்க்கதரிசனம் தங்களைப் பற்றியது என்று ஒரு கதையைப் பரப்பினார்கள். அது அந்த மக்களுடைய கதையே இல்லை. 2015இல் லக்கோட்டா பழங்குடி மக்கள் புனிதமாகக் கருதும் பிளாக் ஹில்ஸ் மலைகளில் போய்க் கூடியபோது, அந்த மக்கள் பலர் எதிர்த்தார்கள். அடுத்தவன் கோயிலுக்குள் கூடாரம் அடித்துவிட்டு அன்பைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்? அதோடு, அவர்களுக்கு ஜூலை முடிந்தால் வீட்டில் கொமட் காத்திருக்கிறது.

அவர்களிடம் படிக்க வேண்டிய தேவையும் எங்களுக்கு இல்லை. ரெயின்போவுக்குப் பதினான்கு வருடம் முந்தி, 1958 டிசம்பரில், கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ.ரி. ஆரியரத்ன மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குருநாகல் மாவட்டத்துக் கனதொலுவ கிராமத்துக்குப் போனார். ரொடி சாதி என்று ஊர் ஒதுக்கிவைத்த மக்களின் கிராமம். அங்கேயே தங்கி அந்த மக்களோடு சேர்ந்து உடம்பால் வேலை செய்தார்கள். சர்வோதயச் சிரமதானம் தொடங்கியது அப்படி. சிரமதானம் என்றால் இப்போது பெனர் பிடித்துப் படம் எடுத்துக் கடற்கரையில் பத்து போத்தல் பொறுக்குவது என்று ஆகிவிட்டது, அது வேறு கதை.

இது சைவர்களுக்கு மட்டும் சொல்வதல்ல. முஸ்லிம்களின் கந்தூரி விருந்தில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி முதலாளியும் கூலிக்காரரும் இருந்து சாப்பிடுவதைப் போல ஒரு சமத்துவத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. அந்தச் சமத்துவமும் கை கழுவும் இடத்தோடு நின்றுவிடுகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு பாடசாலைகள் முகாம்களானபோது சோற்றுப் பார்சல் ஊர் ஊராக வந்து குவிந்தது. தமிழ், முஸ்லிம் என்று யாரும் பார்க்கவில்லை. கக்கூசுக்கு முன்னால் நின்ற வரிசைதான் நாளுக்கு நாள் நீண்டது.

ஆகவே, வருகிற யாத்திரைக் காலத்துக்கு ஒரு யோசனை. காட்டுக்குள் நினைத்தபடி தோண்ட முடியாது, அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் இடம். தோண்டவும் கூடாது. ஆனால் உகந்தைக்கு இந்தப் பக்கத்துத் தங்குமிடங்களில், கோயிலாரிடமும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் செய்யலாம். கரையோரம் மணல் மண், கீழே தண்ணீர் கிட்ட, ஆகவே கிணற்றுக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். பெண்களுக்குத் தனியாக, உயரமான மறைப்போடு, உள்ளே கொளுக்கி போட்டு, இரவுக்கு ஒரு லைட். சாம்பலுக்கு நாங்கள் அலைய வேண்டியதில்லை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து அரிசி ஆலைகளில் உமிச்சாம்பல் கிடக்கிறது, கேட்டால் அள்ளிக்கொண்டு போ என்பார்கள். பிளாஸ்டிக் பையில் மட்டும் கட்டிக்கொண்டு வராதீர்கள். பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீன் தின்கிற படத்தை உலகமே பார்த்தாகிவிட்டது.

உபயகாரர்களுக்கும் சொல்கிறேன். ஒரு நேரச் சோற்றுக்கான காசில் தகரமும் மரமும் ஆணியும் வாங்கிவிடலாம். பிளெக்ஸ் வேண்டுமென்றால் நானே அடித்துத் தருகிறேன், உங்கள் படம் பெரிதாக, மலசலகூட வாசலிலேயே. சம்மதம் என்றால் இன்பொக்ஸில் வாருங்கள். மரக்கறி வெட்டுகிறேன் என்று வருபவர்கள் தயவுசெய்து வர வேண்டாம், இடம் நிரம்பிவிட்டது.