; போடுவதும் && போடுவதும் ஒன்றல்ல

வெள்ளவத்தைப் பக்கத்துக் கணினி வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குறிப்பு சுற்றுகிறது: "லினக்ஸில் இரண்டு கட்டளைகளைச் சேர்க்க ; போட்டாலும் && போட்டாலும் ஒன்றுதான்." இது பிழை.

; போட்டால் முதல் கட்டளை தோற்றாலும் அடுத்தது ஓடும். && என்றால் முதலாவது சரியாக முடிந்தால் மட்டுமே ஓடும். இது சின்ன வித்தியாசமில்லை: 'சீடி' கொடுத்து ஒரு கோப்புறைக்குப் போய், ; போட்டு, அங்குள்ள கோப்புகளை அழிக்க 'ஆர்எம் *' அடிக்கிறீர்கள். கோப்புறைப் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் உள்ளே போகாது. நிற்கிற இடத்துக் கோப்புகள்தான் அழியும். குப்பைத்தொட்டியில் தேடியும் கிடைக்காது.

'ஃபால்ஸ்' எப்போதும் தோற்கும் கட்டளை; 'எக்கோ' கொடுத்ததைத் திரையில் காட்டும். 'ஃபால்ஸ் ; எக்கோ வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பாருங்கள், வணக்கம் வரும். && மாற்றினால் வராது. கட்டளைகளை ஓட்டும் 'பாஷ்' நிரலின் கையேட்டில் ('மேன் பாஷ்' என்று அடித்தால் வரும்) 'லிஸ்ட்ஸ்' பகுதியிலும் இது இருக்கிறது. அந்தக் குறிப்பை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.