மேலே ஏறிப் போனதுக்கா இந்தக் கூச்சல்?

அந்த வீடியோவை இன்னும் எனக்கு அனுப்பாத சொந்தக்காரங்க யாராவது மிச்சம் இருந்தா அவங்களுக்குக் கோடி நன்றி. மத்தவங்களுக்கு: பாத்துட்டேன். சக்கரம் தரையைத் தொடப் போற நேரத்துல விமானம் மறுபடி மேல ஏறுது, பின் சீட்ல ஒரு அம்மா "முருகா"ங்குறாங்க, படம் எடுத்த தம்பி கேமராவைத் தன் மூஞ்சிக்குத் திருப்பி "மதுரை ஏர்போர்ட்ல உயிரோட விளையாடுறாங்க மக்களே"னு ஆரம்பிக்கிறாரு. அது பயத்துல பேசினது, விட்டுடலாம். அடுத்து வீட்டுல உக்காந்து ஒண்ணு எடுத்தாரு பாருங்க, அதுதான் எனக்கு ஆறல. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு பைலட் மாதிரியும், ஏர்போர்ட் டவர்ல இருந்து ரேடியோவுல உத்தரவு கொடுக்கிற டவர்க்காரர் மாதிரியும் மாத்தி மாத்தி நடிப்பு. அவர் சொன்னதையே இவர் சொல்றாராம். "இதுக்கா சம்பளம்?"னு ஒரு சிரிப்பு. கீழ வண்டி வண்டியா ஹார்ட்டு.

ஆமா தம்பி, இதுக்குத்தான் சம்பளம்.

ஓடுபாதையில நுழையலாம், குறுக்க கடக்கலாம், கோட்டுக்கு முன்னாடி நில்லு, இறங்கு, கிளம்பு. இதுல எதை டவர் சொன்னாலும் பைலட் அப்படியே திருப்பிச் சொல்லணும், கூடவே தன் விமானத்தோட அழைப்புப் பேரையும் சொல்லணும். வெறும் "ரோஜர்" செல்லாது. ரோஜர்னா காதுல விழுந்துச்சுனு மட்டும்தான், செய்யுறேன்னு இல்ல. பைலட் திருப்பிச் சொல்றதை டவர்ல இருக்கிறவர் காது கொடுத்துக் கேக்கணும், தப்பா இருந்தா அந்த நிமிஷமே திருத்தணும். இது உலகம் பூரா உள்ள விதி. மதுரைக்காரங்க பொழுது போகாமக் கண்டுபிடிச்சது இல்ல.

அன்னைக்கு நடந்தது என்ன? நம்ம ஊர்ல இருக்கிறது ஒரே ஓடுபாதை, சுமார் 7,500 அடி. (அதை நீட்டுற கதையை நாம எத்தனை எலெக்‌ஷனாக் கேக்குறோம், அது தனிப் பஞ்சாயத்து.) பெரிய ஊர்கள்ல மாதிரி, ஓடுபாதைக்குப் பக்கத்துலயே நீளமாப் போற டாக்ஸிவே, அதாவது விமானம் ஊர்ந்து போற தனிப்பாதை, இங்க இல்ல. இறங்கின விமானம் கடைசி வரைக்கும் ஓடிட்டா, அதே ஓடுபாதையில திரும்பி வந்துதான் நிறுத்துற இடத்துக்குப் போகணும். அப்படி ஒண்ணு வெளிய வந்து முடிக்கல, பின்னாடி வந்ததை "கோ அரவுண்ட்"னு, அதாவது இறங்காம மேல ஏறிச் சுத்தி வானு, டவர்ல சொல்லிட்டாங்க. பைலட் "கோயிங் அரவுண்ட்"னு திருப்பிச் சொல்லிட்டு ஏறிட்டாரு. அம்புட்டுத்தான். சுத்தி வந்து இறங்குச்சு, எல்லாரும் பெட்டி எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனாங்க. பாதுகாப்பு வேலை செஞ்சதைப் படம் பிடிச்சு வச்சுக்கிட்டு, பாதுகாப்பு இல்லைனு கூப்பாடு!

திருப்பிச் சொல்லாம, சொன்னது புரியாம, அவசரப்பட்டா என்ன ஆகும்? 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனரிஃப் தீவு. பனிமூட்டம். டாக்ஸிவேயில விமானங்கள் அடைச்சு நின்னதால, அங்கேயும் ஓடுபாதை மேலயே ஊர்ந்துதான் போகணும். ஒரு கோடியில கேஎல்எம்ங்கிற டச்சுக் கம்பெனியோட ஜம்போ விமானம் கிளம்ப நிக்குது, நடுவுல பான் ஆம்ங்கிற அமெரிக்கக் கம்பெனியோட ஜம்போ வந்துக்கிட்டு இருக்கு. கிளம்ப அனுமதியே வரல. கேஎல்எம் பக்கத்துல இருந்து "இப்போ டேக் ஆஃப்ல இருக்கோம்"னு ரெண்டுங்கெட்டானா ஒரு பேச்சு. டவர் "ஓகே"னு சொல்லி ஒரு நொடி விட்டு, "காத்திருங்க, கூப்பிடுறேன்"ங்குது. அதே நொடியில பான் ஆமும் "நாங்க இன்னும் ஓடுபாதையிலதான் இருக்கோம்"ங்குது. அந்த ரேடியோவுல ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா கீச்சுனு ஒரு சத்தம்தான் மிஞ்சும். கேஎல்எம் காதுல தெளிவா விழுந்தது "ஓகே" மட்டும். உள்ள இருந்த ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகப்பட்டு, பான் ஆம் இன்னும் வெளிய போகலையானு கேட்டாரு. போயிருச்சுனு அடிச்சுச் சொல்லிட்டாரு கேப்டன். அவர் அந்த கம்பெனியில மத்த பைலட்டுகளுக்கே பயிற்சி கொடுக்கிற பெரிய மனுசன். ரெண்டும் மோதுச்சு. 583 பேர் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் "டேக் ஆஃப்"ங்கிற வார்த்தையை உண்மையிலேயே அனுமதி கொடுக்கும்போதோ கொடுத்ததை ரத்து பண்ணும்போதோ தவிர வேற எதுக்கும் வாயில எடுக்கக் கூடாதுனு வந்துச்சு. நீங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு நடிச்சீங்களே, அந்தப் பேச்சுல ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னாடி இப்படிச் சாவு இருக்கு.

உடனே ஒருத்தர் வருவாரு: "அப்போ டவர்க்காரங்க தப்பே பண்ண மாட்டாங்களா?" பண்ணுவாங்க, நான் எங்க மறைச்சேன்? 2024 ஜூன் 8 மும்பையில ஒரு விமானம் கிளம்பி ஓடிக்கிட்டு இருக்கும்போதே அதே ஓடுபாதையில இன்னொண்ணு இறங்குச்சு. விசாரணை வந்துச்சு, டவர்ல இருந்தவரைப் பணியில இருந்து இறக்கினாங்க. சரிதான். ஆனா அங்க ரெண்டாவது விமானம் இறங்கிருச்சு, இங்க மேல ஏறிப் போயிருச்சு. வித்தியாசம் தெரியலையா, இல்ல தெரிஞ்சுக்க விருப்பம் இல்லையா?

எங்க அக்கா மகன், சென்னையில ஐடியில இருக்கான், அவன் டோக்கியோவோட ஹனேடா ஏர்போர்ட் விபத்தைத் தூக்கிக்கிட்டு வந்தான். "மாமா, 2024 ஜனவரி 2-ஆம் தேதி அந்தக் கோஸ்ட் கார்டு (கடலோரக் காவல்படை) விமானம் சரியாத்தானே திருப்பிச் சொல்லுச்சு? அப்படியும் ஓடுபாதையில போய் நின்னுச்சே?" ஆமாப்பா, நின்னுச்சு. அதுல அஞ்சு பேர் போயிட்டாங்க, மோதின ஜப்பான் ஏர்லைன்ஸ்ல 379 பேரும் தப்பிச்சது பெரிய விஷயம். அங்க ஓடுபாதைக்குள்ள நுழையாதேனு காட்டுற சிவப்பு ஸ்டாப் பார் விளக்கும் பராமரிப்புக்காக அணைஞ்சு கிடந்துச்சு, அதையும் சேத்துச் சொல்லு. திருப்பிச் சொல்லியும் ஒரு தடவை தப்பாச்சுனா, இனிமே திருப்பியே சொல்லாதீங்கனு சொல்வியா? "கம்ப்யூட்டர்ல மெசேஜ் தட்டிவிடலாமே"னு வேற கேக்குறான். கடல் மேல பறக்கும்போது தட்டுறாங்கடா. தரைக்குச் சில நூறு அடி மேல வர்றவன் மெசேஜ் படிச்சுக்கிட்டு இருக்க முடியுமா?

எனக்கு எதுக்கு இம்புட்டுக் கோவம்னு கேட்டீங்கன்னா, நான் மானாமதுரைப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவன். ரயில்வேயில கேட்டை மூடிட்டேன்னு கேட் கீப்பர் வாயால சொன்னா போதாது. தன் தாள்ல இருக்கிற பிரைவேட் நம்பரை (சொன்னதுக்குச் சாட்சியா ரெண்டு பக்கமும் எழுதி வைக்கிற எண்) சொல்லணும், நான் எழுதிக்கிட்டு என் நம்பரைச் சொல்லணும், அவரும் எழுதிக்கணும். ஒரு முகூர்த்த நாள், சாயங்காலம். போன்ல கேட் கீப்பர் குரலை விட ஹாரன் சத்தம்தான் பெருசாக் கேக்குது. கல்யாண வேன், பின்னால கார், டிராக்டர். "ரயிலு எங்கடா, வெத்தலை மாத்துற நேரம் போகுது, தொறடா"னு கத்துறது என் காதுலயே விழுகுது. அதோட சேத்து வீட்டுப் பொம்பளைங்களை இழுத்த வசவு. அந்த மனுசன் அத்தனைக்கும் நடுவுல, "சார், நம்பரைத் திரும்பச் சொல்லுங்க, சத்தத்துல கேக்கல"ன்னாரு. சொன்னேன். ஒவ்வொரு இலக்கமாத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் போனை வச்சாரு. வண்டி போச்சு, கேட்டைத் தொறந்தாரு. போற போக்குல வேன்ல இருந்து இறங்கின ஒருத்தன் கன்னத்துல ஒண்ணு விட்டுட்டுப் போனான். மறுநாள் டீக்கடையில அதைச் சொல்லிச் சிரிச்சாங்க. "ரயில்வேக்காரனுக்குக் காது கேக்காதுடா"னு.

அந்தச் சிரிப்பும் இந்த வீடியோவுல கேட்ட சிரிப்பும் ஒண்ணுதான். "திரும்பச் சொல்லுங்க"னு கேட்டா மடையன். சந்தேகத்துல இறங்காம மேல ஏறிட்டா தைரியம் இல்லாதவன். இருபது நிமிஷம் லேட்டானா கோர்ட்டுக்குப் போவோம். உசுரோட இறங்கினதுக்கு மட்டும் ஒரு நன்றி கிடையாது.

டவர்கள்ல வேலை பாக்க ஆள் பத்தல, இருக்கிறவங்க களைச்சுப் போறாங்கனு 2025-ல நாடாளுமன்ற நிலைக்குழுவே எழுதி வச்சிருக்கு. அதுக்கு ஒரு ரீல்ஸ் போடுங்க தம்பி, நானே ஷேர் பண்றேன். போட மாட்டீங்க, அதுக்கு ஹார்ட்டு விழாது.

"பெருசு, உனக்கு ஏரோப்பிளேனைப் பத்தி என்ன தெரியும்"னு வர்றவங்களை பிளாக் பண்ணுவேன், முன்னாடியே சொல்லிட்டேன். பிரைவேட் நம்பர் முறையைப் பத்தித் தனியா எழுதச் சொல்லி ரெண்டு மூணு பேர் கேட்டிருக்கீங்க. எழுதுறேன், இந்த வாரம் வேண்டாம்.